கூடினதா, குறைஞ்சதா, பழுது எங்கே? அகஞ்சுரப்பிச் சொற்களைத் தமிழில் சொல்வது பற்றி

இரத்த ரிப்போர்ட்டில் தைரொயிட்டுக்கான ரிஎஸ்எச் (TSH) பரிசோதனை 18 என்று வந்திருக்கிறது. பக்கத்தில் 'உயர்வு' என்பதற்கான குறி. அன்று பின்னேரமே வெள்ளவத்தையிலிருந்து கனடா வரைக்கும் செய்தி போய்விடும்: "அம்மாவுக்குத் தைரொயிட் கூடிப்போச்சாம்." உண்மையில் அம்மாவின் தைரொயிட், அதாவது கழுத்துச் சுரப்பியின் சுரப்பு, குறைந்துபோயிருக்கிறது. 'கூடின' தைரொயிட்டைக் குறைக்கக் கோவா நிறையச் சாப்பிடச் சொல்லி ஒருவர் ஆலோசனை தருவார். கூடியிருக்கும்போது எதற்குக் குளிசை என்று இன்னொருவர் கேட்பார். குறைந்ததை ஈடுசெய்ய டொக்டர் எழுதிக்கொடுத்த தைரொட்சின் குளிசை, அலுமாரியில் அப்படியே கிடக்கும்.

இங்கே வைத்தியரிலும் பிழையில்லை, ஆய்வுகூடத்திலும் பிழையில்லை. ஒரு சொல் மூன்று மொழி கடந்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் திசை மாறிவிட்டது. அகஞ்சுரக்கும் தொகுதியின், அதாவது ஓமோன்களைக் குருதியில் விடும் சுரப்பிகளின், நோய்களில் இது அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் இந்த நோய்களில் பெரும்பாலானவற்றின் அடிப்படையே திசைதான். எந்தச் சுரப்பி? அது கூடச் சுரக்கிறதா, குறையச் சுரக்கிறதா? பழுது அந்தச் சுரப்பியிலேயே இருக்கிறதா, அதை ஏவுகிற இடத்தில் இருக்கிறதா? நோயாளிக்குச் சொல்லப்படும் தமிழ்ச் சொல் இந்த மூன்றையும் மறைக்காமல் இருக்க வேண்டும். அழகான சொல்லா, தூய சொல்லா என்பதெல்லாம் பிறகு.

கொழும்பில் இது ஏன் இவ்வளவு சிக்கல் என்று முதலில் சொல்லிவிடலாம். தமிழ் மொழிமூலத்தில் உயிரியல் படித்தவருக்கு அகஞ்சுரக்கும் தொகுதி, ஓமோன், சதையி, கபச்சுரப்பி, சூலகம் எல்லாம் பழகின சொற்கள். அதே ஆள் மருத்துவபீடத்துக்குப் போனால் எல்லாம் ஆங்கிலம். கிளினிக்கில் பேச்சு பெரும்பாலும் சிங்களம். கொட்டாஞ்சேனையிலோ தெகிவளையிலோ இருந்து வரும் எழுபது வயது அம்மாவுக்குப் பாடப்புத்தகச் சொல்லும் தெரியாது, ஆங்கிலச் சொல்லும் தெரியாது. அவருக்குத் தெரிந்தவை சீனி வருத்தம், பிரஷர், கழுத்துக் கழலை. வீட்டில் பிள்ளைகள் யூடியூபில் தேடிப் போட்டுக்காட்டும் காணொளியோ தமிழ்நாட்டுத் தமிழில் இருக்கும். அங்கே சதையி என்பது கணையம், சூலகம் என்பது சினைப்பை, ஓமோன் என்பது ஹார்மோன். ஒரே உறுப்புக்கு இரண்டு பெயர் என்று தெரியாமல், தனக்கு இரண்டு உறுப்பில் வருத்தம் என்று நினைப்பவர்கள் உண்டு.

இந்த வேறுபாட்டில் உண்மையாகவே ஆபத்தான ஒன்று சர்க்கரை. தமிழ்நாட்டில் வெள்ளைச் சீனிக்குப் பெயர் சர்க்கரை. நம் வீடுகளில் அது சீனி; சர்க்கரை என்றால் பொங்கலுக்குப் போடுகிற மண்ணிறச் சரக்கு. "சர்க்கரையை அடியோடு நிறுத்துங்கள்" என்று காணொளியில் கேட்டவர் சர்க்கரையை நிறுத்திவிட்டு, தேத்தண்ணிக்குச் சீனியைத் தொடர்ந்து போடலாம். மறுபக்கம், சீனியை நிறுத்தச் சொன்னால் பனங்கட்டியும் கித்துள் கருப்பட்டியும் இயற்கையானவை, அவற்றால் பாதகமில்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மூன்றிலும் பெரும்பகுதி ஒரே சுக்குரோசுதான். குருதியில் குளுக்கோசை உயர்த்துவதில் கொண்டாடும்படியான வித்தியாசம் இல்லை. ஆகவே நீரிழிவுள்ளவரோடு பேசும்போது பொதுச்சொல்லை விட்டுவிட்டுப் பொருளின் பெயரையே சொல்ல வேண்டும்: சீனி, சர்க்கரை, பனங்கட்டி, கருப்பட்டி, தேன், ஐந்தும் ஒரே கணக்கு.

இந்தச் சொற்கள் எப்போது பிறந்தன என்பதையும் பார்க்கலாம். தமிழில் மேலைமருத்துவம் எழுதும் முயற்சி இலங்கையில் பழையது. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, பின்னர் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், உடற்கூற்றுக்கும் சத்திரசிகிச்சைக்கும் நூற்றுக்கணக்கான தமிழ்ச் சொற்களைத் தேடிப் பதித்தவர். ஆனால் அவர் 1884இல் இறந்துவிட்டார். 'ஓமோன்' என்ற சொல்லை இலண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் பயன்படுத்தியதே 1905இல். 'கிளர்ந்தெழச் செய்தல்' என்ற பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்து அது வந்தது. ஆகவே கிறீனின் கொடையில் இந்தத் துறை கிடையாது. நம் கையில் இருப்பவை பெரும்பாலும் தாய்மொழிக் கல்வி வந்த பிறகு பாடப்புத்தகத்துக்காக ஆக்கப்பட்டவை. மாணவன் பரீட்சை எழுதுவதற்கு அவை போதும். நோயாளியோடு பேசுவதற்கு அவற்றில் சில உதவும், சில இடறும்.

இடறுவதில் முதலிடம் கபச்சுரப்பிக்கு. பிற்றியூட்டரி என்ற பெயர் சளியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மூளையில் உண்டாகும் சளி இந்தச் சுரப்பி வழியாக மூக்குக்கு வடிகிறது என்று பழைய கிரேக்க வைத்தியர்கள் நம்பினார்கள். 17ஆம் நூற்றாண்டிலேயே அது பிழையென்று தெரிந்துவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தமிழாக்கியவர்கள் வெகு நேர்மையாக மொழிபெயர்த்ததால் அந்தப் பிழையும் 'கபம்' என்று கூடவே வந்துவிட்டது. இந்தச் சுரப்பியில் கட்டி வந்தால், பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். கபச்சுரப்பி என்ற பெயரையும் மூக்கையும் சேர்த்துப் பார்க்கும் குடும்பம், இது பீனிசத்துக்கான ஒப்பரேஷன் என்று முடிவு கட்டுவது இயல்பு. சளிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பட்டாணிக்கடலை அளவு, சுமார் அரைக் கிராம், மூளைக்கு அடியில் எலும்புப் பள்ளமொன்றில் உட்கார்ந்து தைரொயிட், அதிரீனல் (சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பி), சூலகம், விதை எல்லாவற்றையும் ஏவுகிறது. அதன் இடத்தைச் சொல்லி 'மூளையடிச் சுரப்பி' என்பதே பேச்சுக்கு நல்லது. துண்டில் பிற்றியூட்டரி என்றுதான் எழுதியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

மாறாக, தைரொயிட் என்ற பெயரில் தீங்கில்லை. கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. 1656இல் தோமஸ் வார்ட்டன் வைத்தது. கேடயச் சுரப்பி என்று தமிழில் சொன்னாலும் பொருள் பொருந்தும், ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை, ரிப்போர்ட்டோடு பொருத்திப் பார்க்கவும் முடியாது. தைரொயிட் என்றே விட்டுவிடலாம். அதிரினலின் என்ற ஓமோன் விடயத்தில் வேறொரு குழப்பம். சில மருந்துக் குப்பிகளில் எபிநெப்ரின் என்று இருக்கும். இரண்டும் ஒன்றே. 'சிறுநீரகத்தின் பக்கத்தில்' என்று இலத்தீனில் ஒன்று, 'சிறுநீரகத்தின் மேல்' என்று கிரேக்கத்தில் மற்றது.

கழலை விடயத்திலும் ஒரு வார்த்தை. கழுத்து முன்புறம் தைரொயிட் பெருத்தால் அது கண்டக்கழலை. சிலர் இதைக் கண்டமாலை என்பார்கள். நாட்டு வைத்தியத்தில் கண்டமாலை என்பது கழுத்தைச் சுற்றி மாலைபோல் நிணநீர்க் கணுக்கள் வீங்குவது. அதற்குக் காசநோய் காரணமாக இருக்கலாம். இரண்டும் வேறு வேறு நோய், வேறு வேறு கிளினிக். சிங்களத்தில் 'கலகண்டய' என்று கேட்டால் அது கண்டக்கழலைதான்.

இனி ஹைப்போ (குறைவு), ஹைப்பர் (கூடுதல்). ஆங்கிலத்திலேயே இவை காதுக்கு நெருக்கமானவை. சனம் நிறைந்த கிளினிக்கில், சிங்கள உச்சரிப்பில் கேட்டு, தமிழ்க் காதில் விழுந்து, வீட்டில் போய்த் திரும்பச் சொல்லும்போது ஒன்று மற்றதாகிவிடும். இன்னொரு சங்கடமும் உண்டு. நீரிழிவுள்ளவர்களிடையே 'ஹைப்போ' என்று தனியாகச் சொன்னால் குளுக்கோசு இறங்கிப்போவது. தைரொயிட் கிளினிக்கில் 'ஹைப்போ' என்றால் தைரொயிட் குறைவு. இரண்டு வருத்தமும் ஒருவருக்கே இருப்பது சாதாரணம். அவர் "எனக்கு ஹைப்போ" என்று சொன்னால், உடனே சீனித்தண்ணி கொடுக்க வேண்டியதா, மாதக்கணக்கில் குளிசை எடுக்க வேண்டியதா என்று கேட்பவருக்கு விளங்காது. ஆகவே முன்னொட்டை மட்டும் தனியே சொல்லக்கூடாது. 'தைரொயிட் குறைவு', 'தைரொயிட் கூடுதல்', 'சீனி இறங்கினது', 'கல்சியம் கூடினது' என்று பொருளையும் திசையையும் ஒட்டிச் சொல்ல வேண்டும். இதற்குப் புதிய கலைச்சொல் எதுவும் தேவையில்லை.

பின்னொட்டுகள் அவ்வளவு தொல்லை தருவதில்லை. ஈமியா என்று முடிந்தால் குருதியில், யூரியா என்று முடிந்தால் சிறுநீரில், ஐற்றிஸ் என்றால் அழற்சி, ஓமா என்றால் கட்டி, மெகலி என்றால் பெருத்தல். யூரியா உரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

திரும்ப ரிஎஸ்எச்சுக்கு வருவோம். தைரொயிட் தூண்டும் ஓமோன் என்பது அதன் முழுப்பெயர். தைரொயிட்டிலிருந்து அது வருவதில்லை. மூளையடிச் சுரப்பி தைரொயிட்டைப் பார்த்துக் கூப்பிடும் குரல் அது. விளையாடப் போன பிள்ளை வராவிட்டால் தாய் என்ன செய்வாள்? குரலைக் கூட்டுவாள். பிள்ளை வந்துவிட்டால் கத்த மாட்டாள். ரிஎஸ்எச் 18 என்றால் தாய் பலமாகக் கத்துகிறாள், பிள்ளை வரவில்லை என்று பொருள், தைரொயிட் குறைவு. ரிஎஸ்எச் 0.01 என்றால் வீட்டில் பிள்ளை தலைகீழாக ஆடுகிறது, தாய் வாயை மூடிவிட்டாள். பெரும்பாலும் தைரொயிட் கூடுதல். பல ஆய்வுகூடங்களில் வளர்ந்தவர்களுக்கு வழமையான எல்லை லீற்றருக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 மில்லி அலகு. கர்ப்ப காலத்தில் எல்லை வேறு. எந்தக் கூடத்தில் எடுத்தீர்களோ அந்த ரிப்போர்ட்டில் அச்சடித்த எல்லையோடுதான் ஒப்பிட வேண்டும்.

தாய் ஊமையாகிவிட்டால்? மூளையடிச் சுரப்பியே பழுதானால் ரிஎஸ்எச் குறைவாகவோ வழமையாகவோ இருக்கும், தைரொயிட்டே சுரக்கும் ஓமோனான ஃப்ரீ ரி4 (Free T4) குறைவாக இருக்கும். ரிஎஸ்எச்சை மட்டும் பார்த்தால் இது தப்பிவிடும். இந்த நோயாளிகளுக்குக் குளிசையின் அளவையும் ஃப்ரீ ரி4ஐ வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். இவர்களுக்கு அதிரீனல் சுரக்கும் கோட்டிசோல் என்ற ஓமோனும் சேர்ந்து குறைந்திருந்தால் முதலில் கோட்டிசோலுக்கான மருந்து, அதன் பிறகுதான் தைரொட்சின். வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்து.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் கவலை தரும் சொல் வருகிறது: 'இரண்டாம் நிலை'. பழுது சுரப்பியிலேயே இருந்தால் முதல்நிலை என்றும், ஏவும் இடத்தில் இருந்தால் இரண்டாம்நிலை என்றும் புத்தகங்கள் மொழிபெயர்க்கின்றன. 'நிலை' என்றவுடன் நம் சனத்துக்கு நினைவுக்கு வருவது புற்றுநோய்: முதலாம் ஸ்டேஜ், இரண்டாம் ஸ்டேஜ், நாலாம் ஸ்டேஜ். "இரண்டாம் நிலைத் தைரொயிட் குறைவு" என்று கேட்டவர், வருத்தம் முற்றிவிட்டது என்று உடைந்துபோவார். நீரிழிவில் முதலாம் வகை, இரண்டாம் வகை என்பதிலும் இதே தொல்லை. "அவருக்கு இப்பதான் முதலாம் ஸ்டேஜ் சீனி" என்று சொல்லக் கேட்கலாம். முதலாம் வகை முற்றி இரண்டாம் வகை ஆவதில்லை. முதலாம் வகையில் சதையியின் இன்சுலின் சுரக்கும் கலங்களை உடலே அழித்துவிடுகிறது. அவருக்கு இன்சுலின் ஊசி ஒரு நாளும் தவறக்கூடாது. இரண்டாம் வகையில் இன்சுலின் இருக்கிறது, உடல் அதற்கு மசிவதில்லை, போகப்போகச் சுரப்பதும் குறைகிறது. ஆகவே 'நிலை' என்ற சொல்லைக் கிளினிக் பேச்சில் தவிர்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. "பழுது கழுத்துச் சுரப்பியில்", "பழுது மேலே, மூளையடியில்" என்று இடத்தைச் சொன்னால் ஒரு குழப்பமும் வராது.

மசியாமை என்றேன். அதையும் விளக்க வேண்டும். புத்தகத்தில் 'இன்சுலின் எதிர்ப்பு' என்று இருக்கும். ஆனால் 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்று கேட்டுக் கேட்டு, எதிர்ப்பு என்றால் நம் காதில் அது நல்ல விடயம். கூட இருந்தால் இன்னும் நல்லது. "உங்களுக்கு இன்சுலின் எதிர்ப்பு கூட இருக்கு" என்று சொன்னால் சந்தோசப்படுகிறவரைக் குறை சொல்ல முடியாது. "உடம்பு இன்சுலினுக்கு மசியுதில்லை" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை சொல்வழி கேட்பதில்லை என்பதுபோல உடனே விளங்கும். நடையும் எடை குறைப்பும் ஏன் என்ற அடுத்த கேள்விக்கும் அது வழிவிடும், ஏனென்றால் தசை வேலை செய்யும்போது உடல் மசியத் தொடங்குகிறது.

இன்னொரு சோடி: சூடான கணு, குளிரான கணு. தைரொயிட்டில் ஒரு கணு, அதாவது சிறு கட்டி, இருந்து, கதிரியக்கப் பொருள் கொடுத்து ஸ்கான் செய்தால், அந்தப் பொருளை நிறைய உறிஞ்சும் கணுவை 'ஹொட்' என்றும் உறிஞ்சாததை 'கோல்ட்' என்றும் எழுதுவார்கள். இதைச் சூடு, குளிர் என்று மொழிபெயர்த்தால் நம் சமையலறைக்குள் போய்விடும். சூட்டுக் கணுவுக்கு இளநீரும் வெந்தயமும், குளிர்க் கணுவுக்குச் சுடுதண்ணியும் மிளகும் தொடங்கிவிடும். உணவின் சூடு குளிர்ச்சிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. 'வேலை செய்யும் கணு', 'வேலை செய்யாத கணு' என்று சொல்லலாம். வேலை செய்யும் கணுவில் புற்றுநோய் மிக அரிது. வேலை செய்யாதவற்றிலும் பெரும்பாலானவை தீங்கற்றவையே, ஆனால் அவற்றுக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்து, தேவையென்றால் மெல்லிய ஊசியால் கலம் எடுத்துச் சோதிப்பார்கள். 'ரொக்சிக் கழலை' என்பதை நச்சுக்கழலை என்று சொல்லிப் பயமுறுத்தவும் வேண்டாம். கழலைக்குள் நஞ்சு இல்லை. அது அளவுக்கு மீறிச் சுரக்கிறது, அவ்வளவுதான்.

தைரொயிட் கூடச் சுரப்பதைக் குறைக்கக் கொடுக்கும் காபிமசோல் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. அரிதாக அது வெண்குழியங்களைச் சடுதியாகக் குறைத்துவிடும். காய்ச்சல், தொண்டை நோ, வாய்ப்புண் வந்தால் "சும்மா தடிமன்" என்று பனடோலோடு இருக்கக்கூடாது. குளிசையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் முழுக் குருதி எண்ணிக்கை பார்க்க வேண்டும். காபிமசோல் குடிப்பவரிடம் இந்த ஒரு வசனத்தை அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வைக்க வேண்டும்.

தைரொட்சின் எடுப்பவர்களுக்கு வேறு வகைச் சிக்கல். வெறுவயிற்றில், வெறும் தண்ணீரோடு, காலைச் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு. வெறுவயிறு என்றால் தேத்தண்ணியும் இல்லாத வயிறு. இதைத் தனியாகச் சொல்லாவிட்டால் பால் தேத்தண்ணி குடித்துவிட்டு "நான் ஒண்டும் சாப்பிடேல்லை" என்பார்கள். கல்சியம், இரும்புக் குளிசைகளுக்கு 4 மணித்தியால இடைவெளி. சோயா மீட்டும் உறிஞ்சலைக் குறைக்கும். அடிக்கடி சமைக்கும் வீடென்றால் குளிசையிலிருந்து தள்ளி வைத்துச் சாப்பிடட்டும். அளவு மாற்றினால் அடுத்த ரிஎஸ்எச் 6 முதல் 8 கிழமை கழித்து. இந்த மருந்து உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு கிழமை எடுக்கும், ஆகவே பத்து நாளில் எடுத்துப் பார்ப்பது வீண் செலவு. முடி, நகத்துக்கென்று பயோட்டின் என்ற விற்றமின் எடுப்பவர்கள் இரத்தம் கொடுக்கக் குறைந்தது 2 நாள் முன்பாவது அதை நிறுத்த வேண்டும். சில பரிசோதனை முறைகளில் அது ரிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அலகிலும் கவனம்: தைரொட்சின் மைக்கிரோகிராம் கணக்கு. 50 மைக்கிரோகிராம் என்பது 0.05 மில்லிகிராம். "ஐம்பது மில்லிகிராம் குடிக்கிறன்" என்று வேறு வைத்தியரிடம் சொன்னால் அது ஆயிரம் மடங்கு.

நீரிழிவு என்ற சொல்லுக்கு வருவோம். இது மிக நல்ல சொல். நீர் இழிதல், அதாவது ஒழுகி வெளியேறுதல். கிரேக்கத்தில் டயபீற்றிஸ் என்பதும் 'ஊடுருவிப் பாய்தல்' என்றே பொருள்படும். டயபீற்றிஸ் மெலிற்றஸ் என்ற முழுப்பெயரில் மெலிற்றஸ் என்றால் தேன்போல் இனிப்பு. நம் பழைய மதுமேகம் அதையே சொல்கிறது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், இனிப்பில்லாமலே நீர் இழியும் இன்னொரு நோயும் இருக்கிறது. டயபீற்றிஸ் இன்சிபிடஸ் என்று அதை அழைத்தார்கள். இன்சிபிடஸ் என்றால் சுவையற்றது. மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும், உடலில் நீரைப் பிடித்துவைக்கும் வாசோபிரெசின் என்ற ஓமோன் இல்லாததாலோ, சிறுநீரகம் அதற்கு இணங்காததாலோ, நாளுக்கு 3 லீற்றருக்கு மேல் வெளிர்ச் சிறுநீர் போகும். குளுக்கோசு வழமை. 'டயபீற்றிஸ்' என்ற முதற்சொல்லை மட்டும் பார்த்துச் சீனி வருத்தமென்று எண்ணி, குளுக்கோசு சரியாக இருக்கிறது என்று திருப்தியடைந்து, வாசோபிரெசினுக்குப் பதிலாகத் தேவையான டெஸ்மோபிரெசின் மருந்தைக் கொடுக்காமல் விட்டதால் ஆஸ்பத்திரிகளில் உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. அதனால்தான் 2022இல் சர்வதேச அகஞ்சுரப்பியியல் சங்கங்கள் சேர்ந்து பெயரையே மாற்றின: வாசோபிரெசின் குறைபாடு, வாசோபிரெசின் இணங்காமை. தமிழில் நாம் 'இனிப்பில்லா நீரிழிவு' என்று புதிதாக ஆக்கிப் பரப்பினால் உலகம் விட்ட பிழையை நாம் புதுசாகத் தொடங்குவோம். புதிய பெயரையே தமிழில் எடுத்துக்கொள்வது நல்லது.

குருதிக் குளுக்கோசு எண்களைச் சுருக்கமாக. வெறுவயிற்றில் டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், அல்லது கடந்த சில மாதங்களின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி (HbA1c) 6.5 வீதம் அல்லது மேல் என்றால் நீரிழிவு. அறிகுறி இல்லாவிட்டால் இன்னொரு தரம் உறுதிப்படுத்துவார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் மானி மில்லிமோலில் காட்டினால் 18ஆல் பெருக்குங்கள்: 7 என்பது 126. எச்பிஏ1சி செங்குழியங்களின் ஆயுளை நம்பி நிற்கும் பரிசோதனை. இரத்தம் ஏற்றியிருந்தாலோ, தலசீமியா இருந்தாலோ, சோகை இருந்தாலோ அது ஏமாற்றும். எனவே இவற்றில் ஏதும் இருந்தால் வைத்தியர் கேட்காமலே சொல்லிவிட வேண்டும்.

குளுக்கோசு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் சீனி இறங்கினது. வியர்வை, நடுக்கம், கடும்பசி, நெஞ்சுப் படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம். 3 அல்லது 4 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு தரம். சொக்கலேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு உறிஞ்சலைத் தாமதப்படுத்தும். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரவழையுங்கள். கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசையால் இறங்கியிருந்தால், ஏறின பிறகும் மறுபடி இறங்கலாம். அவரைத் தனியே விடக்கூடாது.

பராதைரொயிட் என்பதும் பெயரால் ஏமாற்றுவது. 'பரா' என்றால் பக்கத்தில் என்று பொருள். தைரொயிட்டின் பின்பக்கம் அரிசி மணி அளவில் வழமையாக 4 இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர், உறவுக்காரர் இல்லை. அவற்றின் வேலை கல்சியம். தைரொயிட் ஒப்பரேஷனில் இவை பாதிக்கப்பட்டால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் ஊசி குத்துவதுபோல் இருக்கும், கை விறைத்து இழுக்கும். அதை நரம்புத்தளர்ச்சி என்று எண்ணி வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கக்கூடாது. அன்றே கல்சியம் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஸ்டீரொயிட். இந்தச் சொல்லுக்கு ஊரில் இரண்டு அர்த்தம்: ஜிம்முக்குப் போகும் பொடியன்கள் எடுப்பது, அல்லது 'கூடாத மருந்து'. ஆஸ்துமாவுக்கும் மூட்டு வருத்தத்துக்கும் கொடுக்கும் பிரெட்னிசொலோன் கோட்டிசோலைப் போன்றது. தசை வளர்ப்பது வேறு வகை. நாளுக்கு 5 மில்லிகிராமோ கூடவோ 4 கிழமைக்கு மேல் எடுத்தால், அதிரீனல் தன் வேலையை விட்டுவிட்டு உறங்கிப்போகலாம். 'கூடாத மருந்து' என்று ஒரே நாளில் நிறுத்தினால் கோட்டிசோல் எங்கிருந்தும் வராது. சத்தி, வயிற்றுநோ, பிரஷர் இறக்கம், மயக்கம். இது அதிரீனல் நெருக்கடி, உயிரைக் குடிக்கும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் வைத்தியர் முன்கூட்டியே சொல்லித்தந்தபடி அளவைக் கூட்ட வேண்டும். குளிசை வயிற்றில் நிற்காமல் சத்தி எடுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் ஹைட்ரோகோட்டிசோன் ஊசி போட வேண்டும். வளர்ந்தவருக்கு 100 மில்லிகிராம்.

குஷிங்கிலும் ஒரு நுணுக்கம். கோட்டிசோல் எங்கிருந்து கூடினாலும் அது குஷிங் சிண்ட்ரோம். மூளையடிச் சுரப்பிக் கட்டியால் கூடினால் மட்டும் குஷிங் நோய். தமிழில் இரண்டையும் 'குஷிங் நோய்' என்று எழுதிவிட்டால், ஸ்டீரொயிட் குளிசையால் முகம் வட்டமாக ஊதினவர் தனக்குத் தலையில் கட்டி என்று பயந்துபோவார்.

கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கத் தக்க வசனங்கள் சில. டெஸ்மோபிரெசின் எடுப்பவருக்கு: "எனக்கு வாசோபிரெசின் குறைபாடு. இது சீனி வருத்தம் இல்லை. டெஸ்மோபிரெசினை நிறுத்த வேண்டாம். தண்ணீரைத் தடுக்க வேண்டாம். சோடியம் பாருங்கள்." ஸ்டீரொயிட் எடுப்பவருக்கு: "நான் நீண்ட நாளாக ஸ்டீரொயிட் எடுக்கிறேன். சத்தி, மயக்கம், விபத்து, ஒப்பரேஷன் என்றால் உடனே ஹைட்ரோகோட்டிசோன் ஊசி தேவை." தைரொயிட் குறைந்தவருக்கு: "தைரொயிட் குறைவு. ரிஎஸ்எச் கூடினால் சுரப்பு குறைவு என்று பொருள். தைரொட்சின் இத்தனை மைக்கிரோகிராம்." இதை எழுதிக்கொடுத்த பிறகு, "அம்மா, வீட்டில போய் என்ன வருத்தம் எண்டு சொல்லுவீங்கள்?" என்று கேளுங்கள். "என்ர கழுத்துச் சுரப்பி குறைய வேலை செய்யுது, அதுக்குத்தான் இந்தக் குளிசை" என்று அவர் சொன்னால் கொப்பியை மூடலாம். "தைரொயிட் கூடிப்போச்சு" என்றால் திரும்பவும் தாயும் பிள்ளையும் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.